சத்தம் வரவில்லை என்றால் காரின் ஃபியூயல் பம்ப் போச்சா?
சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியில் ‘உய்ங்’ என்ற சத்தம் கேட்கவில்லை என்றால் ஃபியூயல் பம்ப் (டேங்குக்குள் இருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் மோட்டார்) செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று ஸ்டார்ட் ஆகாத கார் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. அந்தச் சத்தம் வர பம்ப் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. ஃபியூஸ், ரிலே (கரண்டைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) இரண்டும் அதற்கு கரண்ட் விட வேண்டும். போன வருடம் ஏற்காடு ஏரிப் பக்கம் என் பழைய பெட்ரோல் கார் இப்படித்தான் மௌனமாக நின்றது. அங்கே வந்த மெக்கானிக் டேங்கைத் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்து, ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகினார் (என் வண்டியில் இரண்டும் ஒரே மாதிரி). உடனே இரண்டு விநாடி ‘உய்ங்’, வண்டி கிளம்பிவிட்டது. என்ன, சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவும் ஹார்ன் இல்லாமல் இறங்கினேன், ஒவ்வொரு வளைவிலும் மச்சான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திக்கொண்டே வந்தான்! புது ரிலேயோடு வேலை முடிந்தது, பம்ப் இன்றும் ஓடுகிறது. அதே மாதிரி, சத்தம் வந்துவிட்டாலே பம்ப் நல்லது என்றும் சொல்ல முடியாது. தேய்ந்த பம்பும் சுற்றும், ஆனால் இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குத் தேவையான 3 பார் அளவு அழுத்தம் ஏறாது. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், டேங்கைத் தட்டினால் பம்ப் ஓடும் என்கிறார். ஓடும்தான், உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் தேய்ந்த கார்பன் பிரஷ் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த பம்பை நம்பி மலை ஏறாதீர்கள், ஐயா.