சத்தமில்லாத படங்களுக்குத்தான் தியேட்டர் வேண்டும்

பெரிய நடிகரின் படம் என்றால் தியேட்டரில் பார்க்க வேண்டும், ஆறுதலாக நகரும் சின்னப் படம் என்றால் இணையத்தில் வந்தபின் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் யாழ்ப்பாணத்தில் எங்களில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அண்மையில் பார்த்த மூன்று படங்களை வைத்துச் சொல்வதானால், இந்தக் கணக்குத் தலைகீழானது என்பதே என் எண்ணம்.

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024இல் வெளிவந்த ‘கொட்டுக்காளி’யை நான் வீட்டில்தான் பார்க்க நேர்ந்தது. வேற்றுச் சாதிக்காரன் ஒருவனை விரும்பிய மீனாவை ஏதோ பிடித்துவிட்டது என்று நம்பும் உறவினர்கள், அவளையும் ஒரு சேவலையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாரிடம் போகிறார்கள், கதை அவ்வளவுதான். படத்தில் பின்னணி இசை அறவே கிடையாது. வண்டியின் இரைச்சல், வெயிலில் அலையும் காற்று, தொண்டை கட்டிப்போன சூரியின் கரகரத்த குரல் ஆகியவைதான் இசை செய்ய வேண்டிய வேலையைச் செய்கின்றன. அன்னா பென் ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. ஓரிடத்தில் காளை ஒன்று வழியை மறித்து நிற்கிறது. அதுவரை ஒரு பெண்ணிடம் அத்தனை வீரம் காட்டிய ஆண்கள் கிட்டப் போகத் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை இலேசாக நடத்திக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு சொல் வசனமில்லாமல் அந்த ஆண்களின் மானத்தை இயக்குநர் வாங்கிவிடுகிறார்.

இந்தப் படத்தின் நடுவில் எங்கள் ஒழுங்கையால் பாண் விற்கும் ஓட்டோ, வழக்கம்போலப் பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வந்தது. இசையே வேண்டாம் என்று வினோத்ராஜ் பிடிவாதமாக விட்ட இடத்தில் பீத்தோவன் வந்து வாசித்துவிட்டுப் போனார். அடுத்தது குசினியிலிருந்து குக்கரின் விசில், அதன்பின் கோயில் ஒலிபெருக்கி. வெடியும் குண்டுமாக ஓடும் படம் இவை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். மௌனத்தை மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட படத்துக்கு அந்த வசதி இல்லை. நாலு சுவரும் இருட்டும், கைபேசியை மடியில் கவிழ்த்து வைக்க வேண்டிய கூச்சமும் அதற்குத் தேவை.

இதற்கு மாறாக, சி. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ வீட்டுக்கென்றே அமைந்த படமாக எனக்குப் பட்டது. வெளியான பின் நீளம் அதிகம் என்று சொல்லிச் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். தியேட்டர் கதிரையில் அந்த நீளம் சிலருக்குச் சுமையாக இருந்திருக்கலாம். வீட்டில் நாங்களே இடையிடையே நிறுத்தி இன்னும் நீட்டினோம். சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகும் அரவிந்த்சாமியின் குடும்பத்தைப் பார்க்கும்போது, அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தவர்களுக்கு வேறு எது நினைவுக்கு வரும்? அவர் விட்டுப்போன சைக்கிளைக் கார்த்தியின் குடும்பம் பேணி வைத்திருப்பதைக் கண்டதும் மாமி படத்தை நிறுத்தச் சொன்னார். “அவன்ர சைக்கிளாவது மிஞ்சியிருக்கு. நாங்கள் திரும்பி வரேக்க கதவு நிலைகூட இல்லை” என்றார். அதன்பின் அரை மணித்தியாலம் படம் நகரவில்லை. யார் வீட்டுக் கூரை ஓடுகளை யார் கழற்றினார்கள் என்ற விசாரணைதான் நடந்தது. படம் அதனால் கெட்டுப்போகவில்லை, இன்னும் நல்லதாயிற்று என்றே சொல்வேன்.

அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை 2025 மே மாதத்தில் தியேட்டரில் பார்த்தேன். பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து போகும் எங்களவர் குடும்பம் ஒன்றின் கதை என்பதால் அரங்கம் முழுவதும் ஒரு சொந்தக்காரத்தனம் இருந்தது. சிம்ரனின் வாயில் எங்கள் பேச்சு ஏறியும் ஏறாமலும் நின்ற இடங்களில் சிரித்த சனம், அடுத்த காட்சியில் மூக்கை உறிஞ்சியது. ஆனால் அந்தப் படத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். 2022 மார்ச்சில் அப்படிப் புறப்பட்டவர்களில் சிலர் கைக்குழந்தையோடு தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டார்கள். பிறகு போன இடம் மண்டபம் அகதி முகாம். அந்தக் கசப்பின் ஒரு துளிகூடப் படத்தில் தங்கவில்லை. வீட்டில் தனியே பார்த்திருந்தால் இதை அப்போதே கேட்டிருப்பேன். பக்கத்துக் கதிரையின் சிரிப்பு என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வின்சர், ரீகல், வெலிங்டன் என்று வரிசையாக இருந்த நகரில் இன்று திரைகள் குறைவு, அவற்றை நடத்துபவர்களுக்கு மின்கட்டணமும் கூலியும் இருக்கின்றன என்பது தெரியாததல்ல. ஆயினும் 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா சத்தமில்லாத சின்னப் படங்களுக்கும் இங்கே இடமுண்டு என்று காட்டியிருக்கிறது. வார நாளில் ஆளில்லாமல் ஓடும் பகல் காட்சி ஒன்றை மாதத்தில் ஒரு தடவையாவது இப்படிப்பட்ட படத்துக்கு ஒதுக்கினால், நட்டம் பெரிதாக வந்துவிடாது. முதல் படமாகக் ‘கொட்டுக்காளி’யைப் போடட்டும், ரிக்கற் எடுக்க நான் வருகிறேன், மாமியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.