சிகிச்சையை விடாதே என்கிறார்கள், சிகிச்சைக்குப் போகவும் விடுவதில்லை

வேலையில் அடிபட்டு, ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உதவித்தொகை வாங்குகிறவர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ டிஸ்பென்சரியிலோ தொடர்ந்து சிகிச்சையில் இருக்க வேண்டும், மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டும், அனுமதியில்லாமல் வெளியூர் போகக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 64-ஆம் பிரிவு நிபந்தனை விதித்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த நிபந்தனையை நிறைவேற்ற வழியே இல்லாமல் அலைக்கழித்துவிட்டு, சிகிச்சை விட்டுப்போனதற்குக் காயம்பட்டவரையே குற்றவாளியாக்குகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் தம்பியின் வலது கை, தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி, ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாண் அறுந்துபோனது. அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். அப்படித் தைத்த விரலுக்கு உரிய காலத்தில் பயிற்சி கொடுக்காவிட்டால் தழும்போடு ஒட்டி விறைத்துவிடும். பிறகு அதை இளக்குவது பெரும்பாடு. அதனால்தான் நாள்தோறும் பிசியோதெரபிக்கு வரச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மெழுகு ஒத்தடம் கொடுத்து ஒவ்வொரு கணுவாகப் பிடித்து மடக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் நாற்காலியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். வலிக்குப் பயந்து அவன் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

அவன் போக முடியாத நாட்களெல்லாம் சர்டிபிகேட்டுக்காக அலைந்த நாட்கள். பிசியோதெரபி ஊரின் ஒரு கோடியில் இருக்கும் மருத்துவமனையில்; விடுப்புச் சான்று தருவதோ எதிர்க் கோடியில் இருக்கும் டிஸ்பென்சரியில்; இரண்டுக்கும் காலை நேரம்தான். உதவித்தொகை கிடைக்க, வாங்கிய சான்றை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். டிஸ்பென்சரி மாநில அரசின் கையில், கிளை அலுவலகம் ஈ.எஸ்.ஐ. கழகத்தின் கையில் என்பதால், ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். மருத்துவர் விடுப்பென்றால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். மறுநாள் போனாலோ முந்தைய நாளுக்குச் சேர்த்து எழுத முடியாதாம். விடுபட்ட நாளுக்குப் பணம் கிடையாது, ஏன் சிகிச்சைக்கு வரவில்லை என்ற அதட்டல் மட்டும் உண்டு.

தற்காலிக ஊனத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தருவதாகச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிறுவனம் விபத்து அறிக்கை கொடுத்து, அது வேலையில் பட்ட காயம்தான் என்று அலுவலகம் ஏற்றுக்கொண்டால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். எங்கள் விஷயத்தில் நிறுவனம் அறிக்கையை இழுத்தடித்தது. பிரஸ்ஸுக்கு ஏன் பாதுகாப்புத் தடுப்பு இல்லை என்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்து கேட்டுவிடுவாரோ என்ற பயம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதுவரை ஆட்டோவுக்கும், இருப்பில் இல்லை என்று வெளியே வாங்கச் சொன்ன மாத்திரைகளுக்கும் கடன் வாங்கினோம். பில்லைக் கொடுத்தால் பணம் திரும்பி வருமாம். எப்போது வரும் என்று சொல்வாரில்லை.

இது யாரும் போடும் பிச்சையல்ல. மாதந்தோறும் சம்பளத்தில் 0.75 சதவீதம் அவனிடம் பிடித்து, நிறுவனமும் 3.25 சதவீதம் சேர்த்துக் கட்டிய காப்பீடு. நிரந்தர ஊனத்தால் வேலையை இழந்தவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், ஓய்வு வயது வரை அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவம் தொடரும் என்றுகூட விதி இருக்கிறது. அதைக்கூட ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், எந்தக் கவுண்டரிலும் யாரும் வாய் திறக்கவில்லை.

பிசியோதெரபிக்கு வந்தவர் கையெழுத்திடும் பதிவேடு மருத்துவமனையிலேயே இருக்கிறதே, அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? சிகிச்சை தரும் மருத்துவரே அங்கேயே விடுப்புச் சான்று எழுதிக் கணினி வழியாகக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பட்டும். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தாயா என்று அதற்குப் பிறகு என் தம்பியைக் கேளுங்கள்.