அவள் போனது வேலைக்கு

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோலாலம்பூருக்கு இன்டர்ன்ஷிப் போன என் மாணவி போட்ட படத்தின் கீழே நேற்று இரவு ஒரு மூத்த வழக்கறிஞர் எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை. "வக்கீலாக வேண்டிய பிள்ளையைச் சமூக சேவகியாக்கி அனுப்புகிறீர்கள்" என்று எனக்கே எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

விவகாரம் இதுதான். என் அலுவலகத்துக்கு விடுமுறையில் வந்து வேலை பழகும் நான்காம் ஆண்டு மாணவி, கோலாலம்பூரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் திங்கட்கிழமை இன்டர்ன்ஷிப் தொடங்கியிருக்கிறாள். அலுவலக வாசலில் நின்று ஒரு படம் போட்டாள். அவள் செய்தது அவ்வளவுதான். கல்லூரியில், "இது சட்ட நிறுவனம் இல்லையே" என்று அவளுடைய இன்டர்ன்ஷிப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள். இங்கே நம்மவர்கள், ஊர் சுற்ற ஒரு சாக்கு என்கிறார்கள்.

அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். இந்தப் பதிவில் இதை எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்கின்றன. எங்கெல்லாம் செய்யலாம் என்ற பட்டியலும் அதே விதியில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது தொண்டு நிறுவனம். வழக்கறிஞர் அலுவலகமும் நீதித்துறையும் அதற்குப் பிறகு. சட்ட நிறுவனமும் கம்பெனியும் இன்னும் தள்ளி. ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்பது கட்டுப்பாடு. அவள் போயிருப்பது நான்கு வாரத்துக்குத்தான். வெளிநாடு கூடாது என்று அந்த விதியில் ஒரு வரியும் கிடையாது. சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே சட்டத்தைப் படிக்காமல் ஒரு பெண்ணின் படிவத்தை நிறுத்தி வைப்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் வந்ததிலிருந்து, அங்கே போகிறவர்கள் எல்லோரும் இரட்டைக் கோபுரம் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கிறோம். அப்படிப் போய் இறங்கியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பயிற்சிக்குரிய பாஸ், அதாவது அனுமதி, வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள். பாஸ், பெர்மிட் என்று தாள் சரியாக இல்லாத தொழிலாளிக்காக வாதாடப் போகிற இடத்துக்குத் தானே தாள் சரியில்லாமல் போகக்கூடாது என்பது அவள் எண்ணம். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"மாணவி அங்கே என்ன வழக்கா நடத்தப் போகிறாள்? பேப்பர் அடுக்குவாள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, நானும் மாணவியாக அதே ஊரில் பேப்பர் அடுக்கியவள்தான். என்ன பேப்பர் என்று சொல்கிறேன்.

சிவகங்கைப் பக்கத்து மனிதர் ஒருவர் வந்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. சம்பளப் பாக்கி. பாஸ்போர்ட் முதலாளியிடம். சம்பள ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லை. பையிலிருந்து ஒரு மளிகைக் கடைக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலால் இரண்டு எண்கள்: கடைக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம். எண்ணெய்க் கறை பட்ட இடங்களில் எண்கள் அழிந்திருந்தன. தீபாவளி அன்றும் இரண்டு எண்கள் இருந்தன. அந்தக் காலண்டரைப் பார்த்து நாள் வாரியாக அட்டவணை போட்டுக் கொடுப்பதுதான் எனக்குத் தந்த வேலை. அழிந்த கட்டங்களை அவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பக்கூடாது, அழிந்தது என்றே எழுத வேண்டும் என்று அங்கிருந்த வழக்கறிஞர் சொன்னார். சாட்சியத்தைப் பற்றி எனக்குக் கல்லூரியில் கிடைக்காத பாடம் அது.

கணக்கு எப்படி என்று தெரியுமா? மலேசியத் தொழில் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. இன்றைய குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட் என்று வைத்தால் நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம். எட்டு மணி நேர வேலைநாளுக்கு அதை 8ஆல் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால், ஓவர்டைம் மணிக்கு 12 ரிங்கிட் சொச்சம். தினமும் நான்கு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினால் மாதத்துக்கு 1,200 ரிங்கிட்டைத் தாண்டும். முக்கால் சம்பளம்! அதைத்தான் முதலாளி சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார். அந்த 'பேப்பர்' இல்லாமல் தொழிலாளர் அலுவலகத்தில் எந்த அதிகாரியும் எந்த வக்கீலும் ஒரு சென் வாங்கித் தர முடியாது.

பாஸ்போர்ட் விஷயமும் அப்படித்தான். அடுத்தவரின் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஆனால் தொழிலாளி புகார் கொடுத்த மறுநாளே முதலாளி வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், குற்றவாளியாகத் தெருவில் நிற்பவர் தொழிலாளிதான். வழக்கு முடியும்வரை தங்க சிறப்பு பாஸ் வாங்கலாம். அதற்கு மாதம் 100 ரிங்கிட். அந்த பாஸை வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது. சம்பளம் வராததால் வழக்குப் போட்டவரிடம், வேலை செய்யாமல் மாதம் நூறு கட்டு என்றால் என்ன செய்வார்? பாதிப் பேர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரசு ஆதரவில் நடக்கும் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் மலேசியக் குடிமக்களுக்கானது. குடிமகன் அல்லாதவருக்கு மிச்சம் இருப்பது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இப்படிப்பட்ட சிறிய நிறுவனங்களும்தான். அந்தச் சிறிய இடத்தில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள் நம் பிள்ளை.

"நம் ஊரில் ஏழைகளே இல்லையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருக்கிறார்கள். இலவசச் சட்ட உதவி பற்றிய அரசியலமைப்பின் 39ஏ பிரிவு இருக்கிறது, அதற்கான 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது, மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அவள் சென்ற விடுமுறையில் அங்கேதான் இருந்தாள். கேட்டவர்களில் எத்தனை பேர் அந்த ஆணைக்குழுவின் வக்கீல் பேனலில் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்? மேலும், கோலாலம்பூரில் அவள் முன்னால் வந்து உட்காரும் மனிதர் யார்? ராமநாதபுரத்துக்காரர், புதுக்கோட்டைக்காரர். மலேசியா இன்றும் நம் குடிபெயர்வுச் சட்டத்தில் அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. பத்தாவது தேறாதவர் வேலைக்குப் போவதென்றால் அந்த அனுமதியோடு போக வேண்டும். அதைக் காட்டாமல் சுற்றுலாப் பயணியாக ஏற்றி அனுப்பும் ஏஜென்ட் இருப்பது நம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில். அங்கே முடிகிற வழக்கு இங்கே தொடங்குகிறது. இரு முனையையும் தெரிந்த ஒரு வக்கீல் நம் மாவட்டத்துக்கு வேண்டாமா?

ஊதியம் இல்லாத இன்டர்ன்ஷிப் உழைப்புச் சுரண்டல் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அந்த நிறுவனம் மதியச் சாப்பாடும் ரயில் அட்டையும் தருகிறது, அதற்கு மேல் தர அவர்களிடம் இல்லை. இதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் போக முடிகிறது என்பதும் உண்மை. ஆனால் தம்பி, அவள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். விமான டிக்கெட்டுக்கு அவர் கடன் வாங்கினார். தங்க இடம் கொடுத்தது அத்தை முறையில் ஒரு தூரத்து உறவு. அந்தக் கடனைப் பற்றி வருத்தப்பட உங்களுக்கு உரிமை உண்டு. அவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. "தறிக்காரர் மகளுக்கு மலேசியா கேட்கிறதா" என்று எழுதியவர் அதை அழித்துவிட்டார். நான் படித்துவிட்டேன். அவளும் படித்துவிட்டாள். "அக்கா, படத்தை எடுத்துவிடட்டுமா?" என்று இரவு பதினோரு மணிக்குக் கேட்கிறாள், முதல் நாள் வேலை முடித்துவிட்டு வந்து.

போன வருடம் அதே கல்லூரியிலிருந்து ஒரு பையன் சிங்கப்பூரில் பெரிய சட்ட நிறுவனத்துக்குப் போனான். நல்ல பையன், உழைப்பாளி. அவனுக்கு வாசலில் பேனர் வைத்தார்கள். மூத்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள், நானும் வாழ்த்தினேன். அவனிடம் யாரும் நம் ஊரில் கம்பெனிகளே இல்லையா என்று கேட்கவில்லை. தனியாக எப்படி அனுப்புகிறீர்கள் என்று அவன் அப்பாவிடம் கேட்கவில்லை. சட்ட நிறுவனம் என்றால் தொழில், ஏழைக்கு என்றால் சேவை. பணம் கொடுக்கும் கட்சிக்காரரின் வழக்குதான் வழக்கு என்று நாம் நினைக்கிறோம். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சட்ட உதவி வழக்கை எடுக்கும்போதெல்லாம் "பாவம், வேறு வேலை இல்லை போல" என்ற பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பார்த்தபோது பொறுத்துக்கொண்டேன். அவளைப் பார்க்கும்போது பொறுக்க முடியவில்லை.

விதியின் நகலை இணைத்துக் கல்லூரிக்கு இன்று பதிவுத் தபால் அனுப்புகிறேன். அடுத்த வெள்ளிக்குள் கையெழுத்து வராவிட்டால் பார் கவுன்சிலுக்கு எழுதுவேன். படத்தை எடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இந்தப் பதிவின் கீழே அவள் பெயரையோ அவள் அப்பாவின் தொழிலையோ இழுப்பவர்களை நீக்கிவிடுவேன், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். நீதிமன்றத்துக்குக் கிளம்புகிறேன், மாலையில் வந்து பதில் சொல்கிறேன்.