ஐயாயிரத்துக்காக மொத்தக் கணக்கையும் பூட்டலாமுங்களா?

சனிக்கிழமை சம்பளம் போடுற திருப்பூர் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை கரண்ட் அக்கவுண்ட் முடங்கினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டியதில்லை. துணி வாங்கினவர் அனுப்பின ஐயாயிரம் ரூபாய், வேறெங்கோ ஒருத்தரை ஏமாத்திப் பறிச்சு, நாலஞ்சு கணக்கு தாண்டி வந்ததா இருக்கும். பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டிருப்பார். அந்த ஐயாயிரத்தை உடனே நிறுத்தி வைக்கட்டும், அது நியாயம்தான். லேட்டானா அவர் பணம் போனதுதான். மீதி எட்டு லட்சத்தையும் எதுக்குப் பூட்டணும்?

இதுக்கான அதிகாரத்தைப் பலரும் ஐ.டி. சட்டத்துல (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) தேடுறாங்க. அதோட 69ஏ இணையதளத்தை முடக்குறதுக்கு, 70பி செர்ட்-இன்ங்கிற சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு. கணக்கை முடக்கப் போலீஸ் பயன்படுத்துறது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸோட பிரிவு 106, அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 102. குற்றத்தோட தொடர்பு இருக்கும்னு சந்தேகப்படுற சொத்தைக் கைப்பற்றலாம். ஆனா உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கணும். (தெரிவிக்கத் தாமதமாச்சுன்னு மட்டும் வாதாடினா போதாது. அதனால மட்டுமே முடக்கம் செல்லாமப் போகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024-ல சொல்லிடுச்சு.) குற்றத்துல வந்த பணம்னு ஜப்தி பண்ணணும்னா அதே சட்டத்தோட 107. அதுக்கு நீதிமன்றம் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் சொல்ல 14 நாள் தரணும். பிரிவு 94 ஆவணம் கேட்க மட்டும்தான். 94-ல போலீஸ் அனுப்பின கடிதத்தை வெச்சுக் கணக்கைப் பூட்டுனா, எப்படிப் பூட்டுனீங்கன்னு வங்கியை எழுத்துல கேளுங்க.

தொகையைச் சொல்லாம முழுக் கணக்கையும் முடக்கக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல சொல்லியிருக்கு. கிளை மேனேஜர்கள் பலருக்கு இது இன்னும் போய்ச் சேரல, இல்லை சேர்ந்தும் பயம்.

முடங்கினதும் கிளைக்கு மெயில் போடுங்க. வாயால கேட்டா "மேலிடத்து ஆர்டர்"தான் பதிலா வரும். புகாரோட அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பர், எந்த ஸ்டேஷன், எந்தப் பிரிவு, எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை, லியனா (குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்துறது) டெபிட் ஃப்ரீஸா (கணக்குல இருந்து பணமே எடுக்க முடியாம முடக்குறது), எல்லாத்தையும் கேளுங்க. பிறகு அந்த ஒரே பரிவர்த்தனைக்கு இன்வாய்ஸ், இ-வே பில், டெலிவரி சலான், பார்ட்டி லெட்ஜர், ஸ்டேட்மெண்ட் சேர்த்து விசாரணை அதிகாரிக்கு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்க. பில் ஒரு பேர்லயும் பணம் இன்னொரு பேர்லயும் வந்திருந்தா இங்கதான் சிக்கும். ஈரோடு ஜவுளிச் சந்தைல இது சகஜம். யார் சொல்லி யார் போட்டாங்கங்கிற வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சிடாதீங்க.

அசையலைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட பி.என்.எஸ்.எஸ். 503-ல மனு, இல்லைன்னா உயர் நீதிமன்றத்துல ரிட் மனு. கோவை, திருப்பூர், ஈரோடுக்காரங்களுக்குச் சென்னை; கரூருக்கு மதுரைக் கிளை. பிரச்சனைக்குரிய தொகைக்கு மட்டும் லியன் போட்டு மீதியை விடச் சொல்லிக் கேளுங்க, மொத்தத்தையும் விடுவிக்கக் கேட்டா இழுத்துட்டே போகும். நடுவுல எவனாவது போன் பண்ணி, "பாதியைக் கட்டுங்க, அன்ஃப்ரீஸ் பண்ணித் தர்றோம்"னா, அவனைப் பத்தியும் 1930-ல ஒரு புகார் போட்டு வைங்க.