போனைப் பிடுங்குவதற்கு முன்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் 11 ஆண்டுகளாக டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, மாலை ஐந்தரைக்கு ஏறி வந்தால் எட்டு மணிக்குத்தான் இறங்குவார்கள். சென்ற ஆண்டு நடந்த ஒன்றை, அந்தப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். வயது, வகுப்பு, அம்மாவின் வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். திடீரென்று இரண்டு வாரமாக வெறும் கூட்டலிலேயே தப்பு விழுந்தது. போனைப் பாயில் கவிழ்த்து வைத்திருப்பாள். அது அதிரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகும் கிளம்பாமல் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். என்னம்மா என்றேன். "மிஸ், அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்."

நான் சத்தியம் செய்யவில்லை. "யாரும் உன்னைத் திட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாதம்மா" என்றேன். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

ஆன்லைன் விளையாட்டில் கூட்டாளியாகச் சேர்ந்த ஒருவன். பத்தாவது படிக்கிற பையன் என்று சொல்லியிருக்கிறான். மூன்று மாதம் அன்பாகவே பேசியிருக்கிறான். பிறந்தநாள் வாழ்த்து, பரீட்சைக்கு வாழ்த்து. பிறகு ஒரு படம் கேட்டான். யூனிஃபார்மில் எடுத்த படத்தைத்தான் இவள் அனுப்பினாள். அந்த முகத்தை வேறு உடலில் ஒட்டி அவளுக்கே அனுப்பி, இன்னும் படங்கள் வேண்டும் என்று மிரட்டத் தொடங்கினான். அந்த மிரட்டலின் வாசகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "உன் அம்மா நம்பர் என்னிடம் இருக்கிறது."

பதிமூன்று வயதுப் பெண்ணை ஆட்டிவைக்க அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த அம்மா கொடுமைக்காரர் கிடையாது. நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, மகளுக்குத் தலை பின்னிவிடுகிற அம்மா. முந்தைய ஆண்டு, தெரியாத எண்ணிலிருந்து யாரோ அசிங்கமாக எழுதியதை மகள் ஓடி வந்து காட்டியபோது, "உனக்கு எதற்கு இதெல்லாம்" என்று போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு மாதம் பூட்டியே இருந்தது. காட்டினால் போன் போய்விடும் என்று மகள் அன்றைக்குப் புரிந்துகொண்டாள். என் மகனிடம் நானும் இதையே செய்திருக்கிறேன். அவன் அதன் பிறகு எதையெல்லாம் காட்டாமல் விட்டான் என்பது எனக்குத் தெரியாது. இரவில் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

குழந்தை வந்து சொல்லும் அந்த முதல் ஐந்து நிமிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்தே அது மறுபடி சொல்லுமா சொல்லாதா என்பது முடிவாகிறது. மிரட்டுகிறவன் முதலாகப் போடுவது நம் கோபத்தைத்தான்.

நான் சத்தியம் செய்யாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் 1 ஆண்டு வரை. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று சமாதானம் பேச வருகிறவர்களிடம் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா செய்யப் பார்த்த முதல் காரியம் எல்லாவற்றையும் அழிப்பது. கையைப் பிடித்துத் தடுத்தேன். அழித்துவிட்டால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். அவனுடைய கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அவனை பிளாக் செய்தோம். இன்னொரு படமோ பணமோ கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கவே கூடாது. கொடுத்தால் கேட்டுக்கொண்டே இருப்பான். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை ஒன்று இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்; நம் போனிலேயே அதற்கு ஒரு குறியீடு உருவாகும், அதை வைத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பிறகு போலீஸ். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் நம் ஆயிரம் விளக்கில்தான் திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் "பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறுவதா" என்றுதான் அந்த அம்மா அழுதார். ஏற வேண்டியதே இல்லை. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல், கூடுமானவரை உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு. எங்கள் விஷயத்தில் அப்படியே நடந்தது. சேலையில் வந்த உதவி ஆய்வாளர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதலில் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

இப்போது எங்கும் தடை பற்றித்தான் பேச்சு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. நான் அதற்கு எதிரி இல்லை. அந்த நிறுவனங்களைப் பொறுப்பேற்க வைக்கும் எதையும் வரவேற்கிறேன். ஆனால் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே போன குழந்தை மாட்டிக்கொண்டால், மறைப்பதற்கு அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிடும். தடை கொண்டுவருகிறவர்கள் "மீறிப் போயிருந்தாலும் எங்களிடம் வா" என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2021 மே மாதம் நினைவிருக்கும். சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியரைப் பற்றி மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சொன்னவை இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் வெளியே வந்தன. அதன் பிறகே கைது நடந்தது. பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நாம் திட்டித் தீர்க்கிற அதே இடத்தில்தான் அவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது.

பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் நான் பார்க்கிறேன். பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இன்றைக்கு ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தரைப்பலகை வரை சோதிக்கிறார்கள். கேமரா, காம்பவுண்டுச் சுவர் என்று எல்லாம் கேட்கிறோம். ஒரு குழந்தைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்தப் பள்ளியில் யாரிடம் போகும், அவர் பெயர் குழந்தைக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஜூனில் நான் கேட்கப்போகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேளுங்கள்.

இன்னொன்று. எங்காவது ஏதாவது நடந்தால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் குழந்தையின் பெயரும் தெருவும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகின்றன. அது சட்டப்படி குற்றம். தயவுசெய்து நிறுத்துங்கள். நாளைக்குச் சொல்ல நினைத்திருக்கும் இன்னொரு குழந்தையும் அந்தக் குழுவை எட்டிப் பார்க்கிறது.

எங்கள் மாடியில் கரும்பலகையின் வலது மூலையில் 1098, 14417, 1930 என்று எழுதி வைத்திருக்கிறேன். குழந்தைகள் உதவி எண், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், இணையக் குற்ற உதவி எண். கணக்கை அழிக்கும்போது பிள்ளைகள் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு அழிக்கிறார்கள்.

அவள் இப்போதும் வருகிறாள். விசாரணைக்கு எடுத்துக்கொண்ட போன் திரும்பி வந்த அன்று அவளுடைய அம்மா அதைப் பீரோ பக்கம் கொண்டுபோகவில்லை. மகளின் கையிலேயே கொடுத்தார். கொடுக்கும்போது தன் கை நடுங்கியது என்று மறுநாள் மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார்.