அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றி

சனிக்கிழமை நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். எந்த கார்டு வாங்கலாம் என்று ஒரு மாணவன் கேட்டான், பட்டியலை மட்டும் நம்பி வாங்காதே என்றேன். உடனே, கேமின் படத்தைத் திரையில் வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகளின் தரவரிசையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "12 இடம் மேல இருக்கு, அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது போல" என்று ஒருவர் போட்டார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. சிரித்தவர்களில் நாலு பேருக்கு கார்டு பார்த்துச் சொன்னதே நான்தான். சரி, விடுங்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பட்டியலில் கார்டுக்குப் போட்டிருக்கும் எண் எதனுடைய சராசரி? அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பொம்மைதான் வந்தது.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் போட்டுப் பார்த்த யாருக்கும் இது புரியும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. கணிதத்தை 50 ஆக்கி வேதியியலை 100 ஆக்குங்கள். அதே பிள்ளைகள், அதே விடைத்தாள், ஆனால் ரேங்க் பட்டியல் வேறு. கம்ப்யூட்டரின் வேகத்துக்கு மார்க் போடும் 3டிமார்க் மென்பொருளின் டைம் ஸ்பை சோதனையிலும் இதே கதைதான். மொத்த ஸ்கோரில் கிராஃபிக்ஸுக்கு 85 பங்கு, பிராசஸருக்கு 15 பங்கு. கார்டை ஒப்பிட வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் ஸ்கோரைத் தனியாக எடுக்க வேண்டும். நம் ஆட்கள் மொத்தத்தைப் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். பாஸ்மார்க் என்ற இன்னொரு சோதனையின் பட்டியலோ ஊர் உலகத்தில் பலர் தங்கள் வீட்டில் ஓட்டி அனுப்பியவற்றின் சராசரி. அதில் தூசி அடைந்த பெட்டியும் உண்டு, ஓவர்கிளாக் செய்த, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கிய பெட்டியும் உண்டு. யூசர்பெஞ்ச்மார்க் என்ற தளம் 2019இல் பிராசஸர் மதிப்பீட்டில் மல்டிகோருக்கு, அதாவது உள்ளே இருக்கும் பல கணக்கு அலகுகள் (கோர்) சேர்ந்து உழைக்கும் வேகத்துக்கு இருந்த 10 சதவீத எடையை 2 ஆகக் குறைத்தது. எந்த பிராசஸரும் மாறவில்லை. வரிசை மட்டும் மாறியது.

அப்புறம் அந்த "12 இடம்". இடம் என்பது இடைவெளி அல்ல. கட்-ஆஃபில் அரை மார்க் குறைந்தால் ரேங்க் எங்கே போய் நிற்கும் என்று கவுன்சிலிங் போன வீட்டில் கேளுங்கள். ஒரே கார்டின் பல வடிவங்களை இடையில் நிரப்பிவிட்டால், கண்ணுக்கே தெரியாத வித்தியாசமும் 12 இடமாகிவிடும்.

கணக்கு போடும் விதத்திலேயே வெற்றியாளர் மாறலாம். முதல் கார்டு கனமான ஒரு கேமில் நொடிக்கு 50 ஃப்ரேம் (படம்) வரைகிறது, லேசான கேமில் 400. இரண்டாவது கார்டு 65, 350. கூட்டிச் சராசரி எடுத்தால் 225க்கு 207.5, முதல் கார்டு ஜெயிக்கிறது. பெருக்கல் சராசரி, அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 141க்கு 151, இரண்டாவது ஜெயிக்கிறது. முதல் கணக்கில் அந்த 400 ஒன்றே மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கனமான கேமில் திணறுவது வெளியே தெரிவதே இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பல கேம்களைச் சேர்க்கும்போது பெருக்கல் சராசரி எடுக்கிறார்கள். வட்டம் போட்டவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். சிரிக்க இது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

"எண் பொய் சொல்லுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். 2003ஐப் பாருங்கள் தம்பி. 3டிமார்க்03 சோதனையில் கேமரா எந்தப் பாதையில் போகும் என்பது முன்கூட்டியே தெரியும். கார்டு கம்பெனியான என்விடியாவின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்தப் பாதையில் கண்ணில் படாத பகுதிகளை வரையாமலேயே விட்டது. சோதனையை உருவாக்கிய ஃபியூச்சர்மார்க் ஒரு திருத்தம் வெளியிட்டதும் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா கார்டின் ஸ்கோர் சுமார் 24 சதவீதம் விழுந்தது. முதலில் ஏமாற்று வேலை என்ற ஃபியூச்சர்மார்க்காரர்களே பிறகு, 'குறிப்பிட்ட மென்பொருளுக்கான மேம்படுத்தல்' என்று பெயர் மாற்றினார்கள். பரீட்சையில் பிட் அடித்த பையனிடம் இனி இப்படிச் சொல்லிக்கொள் என்று சொல்லலாம். பழைய கதை என்பீர்கள். 2025 ஜனவரியில் 549 டாலர் 5070 கார்டு, அதைவிடப் பெரிய முந்தைய கார்டான 4090 அளவுக்கு ஓடும் என்று என்விடியா மேடையில் சொன்னார்களே, அது? ஒரு ஃப்ரேமை வரைந்துவிட்டு மூன்றை ஏஐ இட்டு நிரப்புவதையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது.

எனக்கு மட்டும் ஞானம் பிறவியிலேயே வந்ததா? இல்லை. பல வருடம் முன்பு நானும் 4கே என்ற மிகத் துல்லியமான திரையில் எடுத்த பட்டியலைப் பார்த்து, 40 சதவீதம் வேகம் என்று நம்பி, இரண்டு மாதம் சேர்த்து வைத்த காசில் கார்டு வாங்கினேன். வீட்டில் இருந்தது அதைவிடத் துல்லியம் குறைந்த 1080பி மானிட்டர், கிழட்டு பிராசஸர். ஏறியது ஐந்தாறு ஃப்ரேம். பிராசஸர் முட்டி நிற்கும்போது எந்த கார்டு போட்டு என்ன பயன்? மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடியும் இப்படித்தானே ஓடிச்சு?" என்றாள். அந்தக் கேள்வி ஆயிரம் பெஞ்ச்மார்க்குக்குச் சமம். குற்றம் பட்டியல் மேல் இல்லை, என் மேல்தான். அந்த அவமானத்தை இன்னொருவர் படவேண்டாம் என்றுதான் தொண்டை வறளப் பேசுகிறேன்.

"அண்ணன் எதிர் கம்பெனி ஆள்" என்பவருக்குப் பதில் கிடையாது. என் வீட்டில் இரண்டு கம்பெனி கார்டும் இருக்கிறது, இரண்டும் என் காசு.

"அப்போ எதைப் பார்த்துதான் வாங்குவது?" நியாயமான கேள்விதான். நீங்கள் ஆடும் கேம், உங்கள் மானிட்டர், உங்கள் பிராசஸர், இந்த மூன்றுக்கும் கிட்டே வரும் சோதனையைத் தேடுங்கள். ஒரு சதவீத லோ எண்ணையும், அதாவது மிக மோசமாகத் திணறும் தருணங்களின் ஃப்ரேம் எண்ணிக்கையையும் பாருங்கள். கொஞ்சம் அலுப்பான வேலைதான்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது வேறு. அந்த மாணவன் கேட்டது லேப்டாப். வட்டம் போட்டது டெஸ்க்டாப் பட்டியலில். பெயர் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்றாகிவிடுமா? ஆர்டிஎக்ஸ் 4090 டெஸ்க்டாப்பில் 16,384 கோர், 450 வாட். அதே 4090 என்ற பெயரில் லேப்டாப்பில் வருவது 9,728 கோர், மின்சாரமும் அதில் பாதிகூட இல்லை. இதை நான் எழுதினேன். அதற்கும் பொம்மை.

பையன் வட்டத்தை நம்பி வாங்கிவிட்டான். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு இன்பாக்ஸில், "அண்ணா, அரை மணி நேரம் விளையாடினா ஃப்ரேம் பாதியா விழுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருக்கிறான். சனிக்கிழமை சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

சூடேறி கார்டு மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறதோ என்னவோ, எத்தனை வாட்டில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.