கரடி வரும்வரை எழுந்திருக்கக் கூடாதாம்

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஒரு தீம் பார்க்கின் உள்ளே, கிறிஸ்துமஸ் அன்று, ஆறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு 505 டாலர் கொடுத்துவிட்டு அரைப் பசியோடு வெளியே வந்தோம் என்று சொன்னால், கேட்பவர்கள் எங்களைத்தான் கேலி செய்வார்கள் என்று தெரியும். செய்யட்டும். எட்டு நாளாக மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு குமைவதற்கு எழுதித் தீர்ப்பது மேல்.

பொம்மை வேடமிட்டவர்கள் மேசை மேசையாக வந்து குழந்தைகளைக் கட்டியணைக்கும் பஃபே உணவகம் அது. அங்கே இடம் கிடைக்க அறுபது நாள் முன்னதாக, கிழக்கு நேரப்படி காலை 6 மணிக்கு, முன்பதிவு திறக்கும். கலிபோர்னியாவில் இருக்கும் எங்களுக்கு அது அதிகாலை 3 மணி. ஆகவே அக்டோபர் 26 அன்று, ஊரே உறங்கும் வேளையில், என் கணவர் மடிக்கணினியோடும் நான் கைப்பேசியோடும் உட்கார்ந்து, கடன் அட்டை எண்ணைக் கொடுத்து, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் ஆளுக்குப் பத்து டாலர் அபராதம் என்ற நிபந்தனைக்கும் தலையாட்டி, பிற்பகல் 1.40 மணிக்கான ஓர் இடத்தைப் பிடித்தோம். கிறிஸ்துமஸ் அன்று எங்களுக்கு மேசை கிடைத்தபோது மணி 2.25. முன்பதிவு என்பது சாப்பிடுவதற்கு அல்லவாம், வரிசையில் நிற்பதற்காம்.

சரி, பண்டிகை நாள், கூட்டம் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, உள்ளே போன பிறகு நடந்ததுதான். பஃபே என்றால் நாமே எழுந்து போய்த் தட்டில் எடுத்துக்கொண்டு வரவேண்டும். பொம்மைகளைச் சந்திக்க வேண்டுமென்றால், அவர்கள் வரும்போது நாம் மேசையில் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலையை வாங்கும் யோசனை எவருடையதோ, அவர் பசித்த நான்கு வயதுக் குழந்தையோடு ஒரு முறையேனும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்.

நாங்கள் உட்கார்ந்ததுமே, பரிமாறும் பெண் வந்து, "கரடி இரண்டு மேசை தள்ளி இருக்கிறது, தயவுசெய்து யாரும் எழுந்திருக்காதீர்கள்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பாவம், ஒற்றை ஆளாகப் பத்து மேசைகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். காலித் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கரடி இரண்டு மேசையிலிருந்து ஒரு மேசை தள்ளி வந்தது. அங்கிருந்த குடும்பம் பதினான்கு பேர். தனித்தனியாகப் படம், சேர்த்து ஒரு படம், தாத்தா கண்ணை மூடிவிட்டதால் மறுபடியும் ஒரு படம். அவ்வளவும் முடிந்து எங்கள் பக்கம் திரும்பும் நேரத்தில், கரடியோடு கூடவே நடக்கும் உதவியாளர் அதன் தோளைத் தொட்டார். கரடி எல்லோருக்கும் கையசைத்துவிட்டு ஓய்வெடுக்கக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தக் கனத்த வேடத்துக்குள் இருப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. என் மகனுக்கு எப்படிப் புரியும்?

இனி வராது என்று நம்பி, குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு உணவுப் பக்கம் போனேன். சூட்டு விளக்கின் கீழ் வான்கோழி, பன்றித் தொடை, மாட்டிறைச்சி என்று அறுத்து அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சைவம். பச்சைப் பசேலென்று பீன்ஸ் இருந்ததைக் கண்டு ஆசையாக இரண்டு கரண்டி எடுத்தபின் பார்த்தால், ஊடே பன்றி இறைச்சித் துணுக்குகள். அந்தத் தட்டை வைத்துவிட்டு வேறு தட்டு எடுத்து, ஒரு பன்னும் கொஞ்சம் வெள்ளரித் துண்டுகளும் வைத்துக்கொண்டு திரும்பினோம். திரும்பினால், நாங்கள் இல்லாத அந்த நான்கு நிமிடத்தில் வாத்து வந்து போயிருக்கிறது. பேத்தியோடு ஒரு படமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மதுரையிலிருந்து வந்த அம்மா, பன்னைக் கையில் பிடித்தபடி அதன் வாலைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு முறை போட்டுக்கொண்டோம். மூவர் காவல், மூவர் சாப்பாடு. காவலிருந்தவர்கள் போய்ச் சேர்வதற்குள் மக்ரோனி தீர்ந்து, அடித்தட்டில் காய்ந்த பாலாடைக்கட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு காசு வாங்குகிறவன், பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினால் என்னம்மா?" ஊரில் கல்யாணப் பந்தியில், நாம் பாயசம் குடித்து முடிக்கும் முன்பே அடுத்தவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், அதுகூட இதற்கு எவ்வளவோ தேவலை. அங்கே இலைக்குச் சோறாவது வந்து சேரும்.

ரசீதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று முதல் ஒன்பது வயது வரைதான் குழந்தைக் கட்டணம். சென்ற மாதம் பத்து வயது நிறைந்த என் மகள், அரைத் துண்டு பீட்சா தின்றதற்குப் பெரியவர் கட்டணம் 72 டாலர். பன்னும் வெள்ளரியும் தின்ற அம்மாவுக்கும் அதே 72. பெரியவர் ஐவர், மகனுக்கு 46, ஆகமொத்தம் 406. அதன்மேல் விற்பனை வரி 6.5 சதவீதம்; ஆறு பேர் என்பதால் கேட்காமலேயே சேர்த்துக்கொண்ட 18 சதவீத டிப்ஸ். அம்மா மனத்துக்குள்ளேயே ரூபாய்க் கணக்குப் போட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமே பேசவில்லை.

பொம்மைகளின் கையுறை போட்ட கைகளால் மெல்லிய பேனாவைப் பிடிக்க முடியாது, அவர்களிடம் கையொப்பம் வாங்கக் குண்டுப் பேனாதான் கொண்டுபோக வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மகன் ஊதா நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். சாப்பாட்டு நேரம் முழுவதும் அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். கரடி மறுபடியும் வெளியே வந்தபோது நேராக எதிர்ப்பக்க வரிசைக்குப் போயிற்று. நாங்கள் எழுந்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது, வாசலில் அடுத்த குடும்பம் காத்திருந்தது.

ரசீதின் அடியில், 18 சதவீதத்துக்கும் மேல் ஏதேனும் தர விரும்பினால் எழுதுங்கள் என்று இன்னொரு கோடு இருந்தது. மகனிடமிருந்து அந்த ஊதாப் பேனாவை வாங்கி, கோட்டின் மேல் பெரிதாக ஒரு சுழியம் போட்டேன்.